கருக்கரிவாளின் துரு: ஆசிட்டா, புளியா, மின்சாரமா?

வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் எனக் கடலை ஒட்டிய டெல்டாவில் பிடிக்கும் துருவுக்குள் ஈரத்தோடு உப்பின் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. மேலே பளபளவென்று தேய்த்து வைத்த மண்வெட்டி சில நாட்களில் அதே குழிகளிலிருந்து மீண்டும் சிவப்பதற்கு அதுவே காரணம். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ இருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. துரு நீக்கும் வழிகளை ஒப்பிடும்போது, எந்த வழி இந்த உப்பை வெளியேற்றுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கழிப்பறைக்கென்று கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேகத்தில் எல்லாவற்றையும் முந்திவிடும். ஆனால் அதுவே குளோரைடைக் கொண்டுவந்து குழிகளில் நிரப்புகிறது. அதன் ஆவி அதே கொட்டகையில் மாட்டியிருக்கும் மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கிறது. கடலோரத்தில் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

புளிக்கரைசலும் வினிகரும் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) சாதுவானவை. மேலாகத் துருப்பிடித்த நட்டு, போல்ட், ஸ்பேனர் ஆகியவற்றை ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். அதற்கு மேல் ஏற்பாடு எதுவும் தேவையில்லை. எனினும் துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். கருக்கரிவாளை மறதியாக இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால், துருவோடு அதன் பல் போன்ற கருக்கும் மழுங்கிவிடும்.

கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் மின்னாற்பகுப்பின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, துருப்பிடித்த பொருளை 12 வோல்ட் நேர்மின்சாரத்தின் (DC) எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடுகளை நேர்முனையிலும் இணைத்தால், நேர்முனைத் தகடுகள்தாம் கரையும். அரிவாளின் இரும்பு தேயாது. முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் அரிவாளே கரைந்துபோகும். தகட்டைப் பார்த்திருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால், தகடுகளைச் சுற்றிலும் வைக்க வேண்டும். எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு நேர்முனையை நோக்கி இழுபட்டு வெளியேறுகிறது. கடலுக்கடியிலிருந்து எடுக்கப்படும் பழைய இரும்புப் பீரங்கிகளைப் பாதுகாப்பதற்கும் இதே முறை பயன்படுகிறது. ஆழமாக ஊறிய உப்புக்கு நாட்கள் ஆகும். கரைசலையும் இடையிடையே மாற்ற வேண்டும்.

மின்சாரத்துக்குப் பழைய மாதிரி பேட்டரி சார்ஜர் ஏற்றது. புதிய தானியங்கிச் சார்ஜர்களில் பல, எதிரே பேட்டரி இல்லையென்றால் வேலையே செய்யாது. டிராக்டர் பேட்டரியை நேரடியாகப் பயன்படுத்துவோர் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொண்டால், இரண்டு முனைகளும் தவறித் தொட்டாலும் ஏறத்தாழ 4.5 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் போகாது, ஒயரும் எரியாது.

எல்லைகளும் உண்டு. ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் இதைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பொருளைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் நச்சான குளோரின் வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வர் வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். அந்த நீரை வாய்க்காலில் ஊற்றுவது பாவம். அலுமினியப் பாகங்களைச் சோடா அரித்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகு, ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மையைப் பெறக்கூடும். வாளியில் அடங்காத கேஜ் வீலுக்குக் (சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்) கம்பி பிரஷ்தான் கதி. துரு மீண்டும் நல்ல இரும்பாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம்; அது கறுத்து இளகும், தேய்த்தெடுத்தால் குழிகள் அப்படியே இருக்கும்.

எந்த வழியில் துரு நீக்கினாலும், சுத்தமான இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை தட்டும் என்பதால், உடனே கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்குமானால், கரைசலுக்கும் கழுவுவதற்கும் மழைநீரையோ ஆற்று நீரையோ பயன்படுத்துவதே சரி. இல்லையேல் வெளியேற்றிய குளோரைடைத் திரும்ப ஊற்றியதாகவே ஆகும்.