வர்க்கமூலக் கணக்குகளுக்கு நான்கு கட்ட முறை: 12 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வரும் நான், வர்க்கமூலங்கள் கொண்ட ஈருறுப்புக் கோவைகளை வர்க்கப்படுத்துவதற்கு நான்கு கட்ட முறையை 12 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன்பு (a + b)² = a² + 2ab + b² என்ற முற்றொருமையை மனப்பாடம் செய்யச் சொல்வேன். பிள்ளைகள் அதைப் பிழையின்றி ஒப்பித்துவிட்டு, அடுத்த நிமிடமே (√5 + √3)² = 8 என்று எழுதுவார்கள். வர்க்கமும் மூலமும் ஒன்றையொன்று நீக்கிவிடும் என்ற சரியான அறிவுதான் இங்கே அவர்களை ஏமாற்றுகிறது. மூலக்குறிகள் மறைந்து 5, 3 என்று வந்தபின் இனி என்ன மிச்சம் என்று தோன்றிவிடுகிறது.

ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து, மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் √5, √3 என்று எழுதச் சொல்கிறேன். மூலைவிட்டத்தில் 5, 3 அமர்ந்தபின் மற்ற இரு கட்டங்களும் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலேயே இரண்டிலும் √5 × √3, அதாவது √15 என்று நிரப்பி, 8 + 2√15 என்ற விடைக்கு வந்துவிடும். √15 ஏறக்குறைய 3.873 என்பதால் இதன் மதிப்பு சுமார் 15.75, முதலில் எழுதிய 8 அதில் பாதிதான்.

குறைகளும் உண்டு. (2√3 − √5)² என்ற கணக்கில், பக்கத்தின் நீளம் எப்படிக் குறை எண்ணாக இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. அன்றிலிருந்து அதைப் பரப்பளவு என்று சொல்லாமல் பெருக்கல் அட்டவணை என்றே சொல்கிறேன். 2√3-இன் வர்க்கத்தை 6 என்று எழுதும் பழக்கத்தையும் கட்டம் தடுப்பதில்லை. 2-உம் வர்க்கமாகி 12 வரும் என்பதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. (விடை 17 − 4√15.)

எனக்குப் பிடித்த கணக்கு (√8 + √2)². காலிக் கட்டங்களில் √16, அதாவது 4, இருமுறை வர, விடை 18. மூலக்குறியே இல்லாததைக் கண்டு பிள்ளைகள் அழிப்பானைத் தேடுவார்கள். √8 என்பது 2√2, கூட்டினால் 3√2, அதன் வர்க்கமும் 18 என்று காட்டினால்தான் நம்புவார்கள்.

தேர்வு நெருங்கியதும் பெரும்பாலானோர் முற்றொருமைக்கே திரும்பிவிடுகிறார்கள், நான் தடுப்பதில்லை. சிலர் மட்டும் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கூட்டல் குறி போட்டு, அதன் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.