விட்பி கேப்டன் குக் அருங்காட்சியகம்: நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில், எஸ்க் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது விட்பி துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் நினைவாக, கிரேப் லேன் தெருவில் உள்ள கேப்டன் குக் நினைவு அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பலரும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால், நீர் வற்றியிருக்கும் வேளையில் பாலத்தில் நின்று ஆற்றை ஒருமுறை பாருங்கள்.

ஓதம் ஏறி வற்றும்போது நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் மாறும் நாட்கள் உண்டு. கரையோரச் சேறு வெளியே வந்துவிடும். கூரான அடிப்பாகம் உள்ள கப்பல் அங்கே சாய்ந்துவிடும். தட்டை அடி என்றால் நீர் இறங்கியதும் நிமிர்ந்து உட்காரும். விட்பியின் நிலக்கரிக் கப்பல்கள் அப்படிக் கட்டப்பட்டவைதான். 1764-ல் இங்கே கட்டிய 'ஏர்ல் ஆஃப் பெம்ப்ரோக்' என்ற நிலக்கரிக் கப்பலைத்தான் குக்கின் முதல் பயணத்துக்காக பிரிட்டிஷ் கடற்படை வாங்கி 'எண்டெவர்' என்று பெயர் மாற்றியது. 1770 ஜூனில் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதி ஓட்டை விழுந்தபோது, அதை ஓர் ஆற்றங்கரையில் ஏற்றிப் பழுதுபார்க்க முடிந்ததற்கு இந்த அடிப்பாகமும் ஒரு காரணம். குக்கின் மூன்று பயணங்களிலும் போன நான்கு கப்பல்களும் விட்பியில் பிறந்தவை.

இதை மனதில் வைத்து உள்ளே போனால் அந்த வீடு வேறு மாதிரி தெரியும். வீட்டில் பொறித்திருக்கும் ஆண்டு 1688. குக் 1746-ல் தொழில் பழகச் சேர்ந்த கப்பல் முதலாளி ஜான் வாக்கரின் வீடு இது. கீழ் அறைகளில் குவேக்கர் (எளிய வாழ்வை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவு) குடும்பங்களின் எளிமை தெரிகிறது. மேலே கடிதங்கள், வரைபடங்கள், பயணத்தில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. உச்சி மாடியை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே தடித்த மர உத்திரங்களை அண்ணாந்து பார்த்தால், ஒரு கப்பலைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ரயில் நிலையம் மேற்குக் கரையில், அருங்காட்சியகம் கிழக்குக் கரையில். நடுவே இருப்பது 1908-ல் திறந்த சுழல் பாலம், படகுகளுக்கு வழிவிடச் சுழன்று விலகும். நீர் முழுதாக ஏறியிருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், படகுகள் கேட்டால் அரை மணிக்கு ஒருமுறை திறப்பார்கள். அப்போது நின்றுதான் ஆக வேண்டும். வற்றும் வேளையில் போனால் இந்தக் காத்திருப்பு இல்லை, அது இன்னொரு லாபம். கல் பாவிய தெரு மழையில் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும்.

கால் தாங்கினால் 199 படி ஏறி, கி.பி. 657-ல் தொடங்கிய கிறித்தவ மடத்தின் இடிபாடுகளையும் பாருங்கள். மேலிருந்து துறைமுகத்தின் வாய் வடக்கு நோக்கியிருப்பது தெளிவாகத் தெரியும். மிடில்ஸ்பரோ ரயில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், நாளுக்குச் சில வண்டிகள்தான். இறங்கியவுடனே திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.