ஃபில் கிராமின் வாக்குப் பதிவைத் தேட எந்தத் தளம் உதவும்? வோட்வியூ, காங்கிரஸ்.கவ் பற்றிய மதிப்பீடு

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று பார்க்க இலவசத் தளங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஆளை வைத்துச் சோதித்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அதற்கு டெக்சாஸின் பழமைவாதத் தலைவர் ஃபில் கிராம் மிகவும் பொருத்தமானவர். பொருளாதாரப் பேராசிரியரான அவர் 1978 தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் வென்று பிரதிநிதிகள் சபைக்குப் போனார். ரீகனின் பட்ஜெட்டுக்குத் தோள் கொடுத்ததால் 1983 ஜனவரியில் சொந்தக் கட்சியே அவரை பட்ஜெட் குழுவிலிருந்து நீக்கியது. உடனே பதவியை ராஜினாமா செய்தார்; அதே தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளராக இடைத்தேர்தலில் நின்று பிப்ரவரியில் ஜெயித்துத் திரும்பினார். 1985 முதல் 2002 நவம்பர் இறுதிவரை செனட்டில் இருந்தார். இரண்டு கட்சி, இரண்டு சபை, நடுவில் ஓர் இடைவெளி. ஒரு தளத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது இவரைத் தேடும்போது தெரிந்துவிடும்.

முதலில் காங்கிரஸ்.கவ். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் நடத்தும் அதிகாரபூர்வத் தளம் இது. 1973 முதலான மசோதாக்களின் விவரம் இருப்பதால், கிராம் கொண்டுவந்த மசோதாக்கள் எவை, யாருடையதில் இணைந்து கையெழுத்திட்டார் என்பது சுத்தமாகக் கிடைக்கிறது. வாக்குகள் என்று வந்தால்தான் சிக்கல். பெயர்வாரி வாக்குப் பட்டியல் அந்தந்த சபையின் பக்கங்களிலிருந்து வருகிறது. செனட்டுக்கு 1989 முதல், பிரதிநிதிகள் சபைக்கு 1990 முதல்தான் உண்டு. ஆகவே கிராமின் சபைக் காலம் முழுவதும், செனட்டில் முதல் நான்கு ஆண்டுகளும் இங்கே இல்லை. அவர் பெயரே தாங்கிய 1985ஆம் ஆண்டின் கிராம்–ரட்மன்–ஹாலிங்ஸ் பற்றாக்குறைச் சட்டத்தைத் தேடிப் பாருங்கள். அது கடன் உச்சவரம்பை உயர்த்தும் ஹெச்.ஜே.ரெஸ். 372 என்ற தீர்மானத்தோடு சேர்ந்து போனது. ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் நடவடிக்கை விவரம் இருக்கும், யார் எந்தப் பக்கம் என்பது இருக்காது.

அந்த இடத்தில் கைகொடுப்பது வோட்வியூ. கீத் பூல், ஹோவர்ட் ரோசென்தால் என்ற இரு அரசியல் அறிஞர்களின் ஆய்விலிருந்து வளர்ந்த இந்தத் தளம் இப்போது யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1789 முதல் நடந்த பெயர்வாரி வாக்கெடுப்புகள் இதில் உண்டு. 1981 மே 7 அன்று 253–176 என நிறைவேறிய கிராம்–லாட்டா பட்ஜெட் வாக்கெடுப்பைத் திறந்தால், ரீகன் பக்கம் சாய்ந்த 63 ஜனநாயகக் கட்சியினரும் பெயரோடு வந்து நிற்கிறார்கள். கட்சி அவரை ஏன் ஒதுக்கியது என்பதற்கு அந்த ஒரு பக்கமே போதும்.

டவுன்லோட் செய்து வேலை பார்ப்பவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். எல்லா வாக்குகளும் அடங்கிய மொத்தக் கோப்பை எடுக்காதீர்கள். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. அந்தக் கோப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. ஒவ்வொரு காங்கிரஸாக, அதாவது எண்ணிடப்பட்ட ஒவ்வோர் இரண்டாண்டுக் காலமாக, எடுங்கள். கிராமுக்கு 96 முதல் 98 வரை பிரதிநிதிகள் சபை, 99 முதல் 107 வரை செனட். கட்சி மாறியவர்களுக்கு வோட்வியூ இரண்டு தனி எண்கள் தருகிறது. ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி வாழ்க்கை காணாமல் போகும். உறுப்பினர் கோப்பின் பெயர்ப் பத்தியை வைத்து இரண்டு எண்களையும் எடுத்த பிறகே வாக்குக் கோப்போடு இணைக்க வேண்டும். 1983 தொடக்கத்தில் சில வாரங்கள் அவர் உறுப்பினராகவே இல்லை. அந்த நாட்களை ‘வராதவர்’ கணக்கில் சேர்த்தால் வருகை விகிதம் தப்பாகிவிடும்.

வாக்குக் குறியீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 1 ஆதரவு, 6 எதிர்ப்பு என்று மட்டும் வடிகட்டுபவர்கள்தான் அதிகம். 2, 3 என்பவை நேரில் வாக்களிக்காமல், எதிர்த் தரப்பு உறுப்பினர் ஒருவரோடு ஜோடி சேர்ந்தோ வெறுமனே அறிவித்தோ தெரிவித்த ஆதரவு. 4, 5 அதே வழியில் தெரிவித்த எதிர்ப்பு. பழைய காங்கிரஸ்களில் இவை கணிசம். 9 என்றால் வாக்களிக்கவில்லை.

தளத்தின் புகழுக்குக் காரணமான நாமினேட் மதிப்பெண், ஏறக்குறைய −1 (இடது) முதல் +1 (வலது) வரை போகும். யார் யாரோடு சேர்ந்து வாக்களித்தார் என்பதை மட்டும் வைத்து அது கணிக்கப்படுகிறது. மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சிறுபான்மைப் பக்கம் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வாக்கெடுப்புகள் கணக்கில் வராது. 1999இன் கிராம்–லீச்–பிளைலி வங்கிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மே 6 அன்று செனட்டில் 54–44, கிட்டத்தட்ட முழுக்கக் கட்சிக் கோட்டில். நவம்பர் 4 அன்று இரு சபைக் கூட்டுக்குழு அறிக்கையின் மீது 90–8. மசோதா ஒன்றுதான், படம் இரண்டு. சட்டமானது இரண்டாவது வடிவம். மேற்கோள் காட்டுபவர்கள் பலர் முதல் எண்ணையே எடுத்துவிடுகிறார்கள். அந்த எட்டுப் பேரில் ஒரே குடியரசுக் கட்சிக்காரர் அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி. அவரும் ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்த பழமைவாதிதான். அன்று பால் வெல்ஸ்டோன், ரஸ் ஃபைன்கோல்ட் போன்ற இடதுசாரிகளோடு நின்றார். காரணம் தெரிய வேண்டுமானால் காங்கிரஸ் பதிவேட்டில் அன்றைய விவாதத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

‘யே’ என்றால் ஆதரவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதும் ஆபத்து. செனட்டில் ஒரு திருத்தத்தை ‘டேபிள்’ செய்யும் தீர்மானத்துக்கு ‘யே’ சொன்னால், அந்தத் திருத்தத்தைக் கொல்ல வாக்களித்ததாகப் பொருள். சில ‘நே’க்கள் (எதிர்ப்பு வாக்குகள்) வெறும் நடைமுறைக்காக. 2024 பிப்ரவரி 6 அன்று பிரதிநிதிகள் சபையில், அப்போதைய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மயோர்காஸ் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டு 214–216 எனத் தோற்றபோது, யூட்டாவின் பிளேக் மூர் கடைசியில் எதிர்ப்புக்கு மாறியது வென்ற பக்கத்தவருக்கே உள்ள மறுபரிசீலனை கோரும் உரிமையைக் காப்பதற்காகவே. ஒரு வாரத்தில் அது 214–213 என நிறைவேறியது. எந்தத் தளத்தின் சுருக்கப் பட்டியலும் இதைப் பிரித்துக் காட்டாது.

கவ்டிராக் என்ற இன்னொரு தளத்தில் தவறவிட்ட வாக்குகளின் வரைபடம் நன்றாக இருக்கிறது. அதன் கருத்தியல் மதிப்பெண் வாக்குகளிலிருந்து வருவதில்லை, மசோதாக்களில் யார் யாரோடு கையெழுத்திட்டார்கள் என்பதிலிருந்து வருகிறது. அதை நாமினேட்டோடு ஒப்பிடக் கூடாது. அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன் போன்ற அமைப்புகள் தரும் 0–100 மதிப்பெண், அவர்களே தேர்ந்தெடுத்த சில வாக்குகளின் கூட்டல்தான். எந்தெந்த வாக்குகள் என்ற பட்டியல் பயனுள்ளது. எண்ணை மட்டும் எடுத்துப் போடுவது வாசகரை ஏமாற்றுவது.

கிராமை வைத்துச் சோதித்ததில் எல்லாத் தளங்களும் தோற்கும் இடம் 2000 டிசம்பர். நிதிச் சந்தையின் வழிப்பொருள் (டெரிவேட்டிவ்) ஒப்பந்தங்களைப் பெருமளவு கண்காணிப்பிலிருந்து விடுவித்த சட்டத்தில் அவருடைய பங்கு பற்றி 2008 நெருக்கடிக்குப் பிறகு உலகமே பேசியது. அந்தச் சட்டம் ஹெச்.ஆர். 5660 என்ற எண்ணில் அறிமுகமாகி, ஹெச்.ஆர். 4577 என்ற பெரிய ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் அடக்கப்பட்டது. டிசம்பர் 15 அன்று பிரதிநிதிகள் சபையில் 292–60; செனட்டில் பெயர்வாரி வாக்கெடுப்பே இல்லாமல், ஏகமனதான சம்மதத்தின் பேரில் நிறைவேறியது. வோட்வியூவில் அதற்கான கிராமின் வாக்கு கிடையாது, ஏனென்றால் அவர் வாக்களிக்கவே தேவைப்படவில்லை. இங்கே காங்கிரஸ்.கவ்தான் உதவும்: 4577இன் ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் டிசம்பர் 15 வரிகளைப் பாருங்கள், பிறகு 5660இன் உரையைத் தனியாகத் திறந்து வாசியுங்கள்.