இந்தியா முந்தியது 54,204 பேராலா, 18,200 பேராலா?

அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் எந்தெந்த நாட்டவர் என்று பார்க்க இரண்டு அறிக்கைகள்தாம் பெரும்பாலும் கைக்கு வரும். ஒன்று, சர்வதேசக் கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் நவம்பரில் வெளியிடும் ‘ஓப்பன் டோர்ஸ்’. மற்றது, அமெரிக்க அரசின் ‘செவிஸ்’ பதிவேட்டுக் கணக்கு. இந்திய மாணவர்கள் எத்தனை பேர்? 2023ஆம் ஆண்டுக்கு செவிஸ் 3,77,620 என்கிறது. 2023-24 கல்வியாண்டுக்கு ஓப்பன் டோர்ஸ் 3,31,602 என்கிறது. நாற்பத்தாறாயிரம் பேர் வித்தியாசம்.

இரண்டிலும் பிழையில்லை, எண்ணும் முறைதான் வேறு. ஓப்பன் டோர்ஸ் கல்லூரிகளிடமே கேட்டு வாங்கும் கணக்கு. அதில் உயர்கல்வி மட்டுமே உண்டு. செவிஸ் 2003 முதல் நடைமுறையில் உள்ள பதிவேடு. எஃப்-1, எம்-1 என்னும் மாணவர் விசாக்காரர்களில், ஜனவரி முதல் டிசம்பருக்குள் எப்போதாவது பதிவு நடப்பில் இருந்த அனைவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. மே மாதம் பட்டம் வாங்கி ஊர் திரும்பியவரும் அதில் உண்டு. ஆகஸ்டில் அவர் காலி செய்த அறைக்கே குடிவந்தவரும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் விமானம் ஓட்டப் பழகுபவர்களும்கூட அதில் அடக்கம். செவிஸின் எண் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் எதை எடுப்பது? மாதாமாதம் போக்கு எப்படி என்று அறிய செவிஸ் போதும். யார் என்ன படிக்கிறார்கள் என்று அறிய நான் ஓப்பன் டோர்ஸைத்தான் எடுப்பேன். ஆனால் அதன் முதல் வரியோடு நின்றுவிடக் கூடாது.

அந்த ஆண்டு இந்தியா சீனாவை முந்திவிட்டது என்பது இங்கே முதல் பக்கச் செய்தி. இந்தியா 3,31,602, சீனா 2,77,398, இடைவெளி 54,204. அதே அட்டவணையில் வலப்பக்கம் நகர்ந்தால் ‘ஓபிடி’ என்றொரு பத்தி இருக்கிறது. படிப்பை முடித்துவிட்டு அதே விசாவில் வேலைப் பயிற்சியில் இருப்பவர்கள் இவர்கள். சாதாரணமாக 12 மாதம். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம். இந்தியர்களில் இவர்கள் 97,556 பேர், சீனர்களில் 61,552 பேர். இவர்களைக் கழித்து, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் இந்தியா 2,34,046, சீனா 2,15,846. இடைவெளி 18,200 ஆகச் சுருங்கிவிடுகிறது.

இன்னும் ஒரு பத்தி பாருங்கள். இளநிலைப் படிப்பில் சீனர்கள் 87,551 பேர், இந்தியர்கள் 36,053 பேர். நம் எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துவது முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள், 1,96,567 பேர். கடன் வாங்கி இரண்டாண்டுப் படிப்புக்குப் போய், வேலை பார்த்துக் கடனை அடைக்க நினைக்கும் பிள்ளைகள் இவர்களில் ஏராளம். ஓபிடி விதியில் கைவைத்தால் முதல் அடி இவர்களுக்குத்தான். மொத்த எண்ணை மட்டும் கொண்டாடும் செய்திகள் இந்தக் கவலையை மறைத்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

‘எந்த நாட்டவர்’ என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. செவிஸ் பார்ப்பது குடியுரிமையை. துபாயில் பிறந்து அங்கேயே பள்ளி முடித்த தமிழ்ப் பெண், கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் இந்தியக் கணக்கில்தான் வருவாள். டொராண்டோவில் வளர்ந்து கனடியக் குடியுரிமை பெற்ற யாழ்ப்பாணத்துப் பையன் கனடாவின் கணக்கு.

யுனெஸ்கோவின் புள்ளிவிவரம், பல நாடுகளை ஒப்பிடுபவர்களுக்குப் பயன்படும். வந்து சேரத் தாமதமாகும்.

தமிழ்நாட்டிலிருந்து எத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டுவாரிப் பட்டியல்களில் பதிலில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தூதரக வாரியாக மாதந்தோறும் தரும் விசா எண்ணிக்கையில் சென்னை தனியாக இருக்கிறது. அதையே தமிழ்நாட்டின் எண்ணாகக் கொள்ள முடியாது. ஹைதராபாத்தில் நேர்காணல் தேதி முன்னதாகக் கிடைத்தால் மதுரைப் பிள்ளை அங்கே போவான். சென்னையில் கிடைத்தால் விஜயவாடாப் பிள்ளை இங்கே வருவான்.