மஞ்சள் ஒட்டும் அட்டை: தண்டையார்பேட்டை மாடியில் இரண்டரை வருடம்

இன்று காலை ஆறு வெண்டைச் செடிகளை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஆறும் காய்க்கத் தொடங்கிய செடிகள். வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்பு நோய் என்ற வைரஸ் நோய். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை விரித்தது போல் தெரிந்தது, கடைசியாக வந்த காய்கள் வெளிறிப்போய் நாராக இருந்தன. மதியம் வியாசர்பாடியில் இருக்கும் என் தோழி போன் செய்து, "மஞ்சள் அட்டை விலை இறங்கியிருக்கு, ஒரு கட்டு வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அவளிடம் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். அது அவள்மேல் வந்த கோபம் இல்லை. அதனால் சொல்ல வேண்டியதை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

பசை தடவிய மஞ்சள் அட்டை, செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டால் வெள்ளை ஈ மாதிரிப் பறக்கும் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. எங்கள் மாடியில் செடி வளர்க்கும் பை முப்பது இருக்கிறது. வெண்டை, தக்காளி, மிளகாய், கத்தரி. இரண்டரை வருடமாக அட்டை இல்லாத வாரமே கிடையாது.

முதலில் தூசி. வட சென்னையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பசை ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள், மரம் மட்டை உள்ள ஊரில் தாங்கலாம். இங்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடுகிறது, கடல் காற்று அந்தப் புழுதியை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து மூன்றாவது மாடியில் கொட்டுகிறது. பத்தாவது நாள் அட்டை மஞ்சளாகவே இருக்காது, சாம்பல் பூசிய தகரம் மாதிரி ஆகிவிடும். வெள்ளை ஈயை இழுப்பதே அந்த மஞ்சள் நிறம்தான். நிறமும் போய் பசையும் போனால் அது வெறும் அட்டை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், பசை துணியோடு வந்துவிட்டது. பழைய அட்டை மேல் விளக்கெண்ணெய் தடவியும் பார்த்தேன், கிராமத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த டப்பாவில் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு நாள் நன்றாகப் பிடித்தது. மூன்றாம் நாள் எண்ணெயில் தூசி குழைந்து சேறு மாதிரி ஆகிவிட்டது. ஆக, மாதத்துக்கு ஒரு கட்டு என்று நினைத்தது மூன்று கட்டாகிறது. விலை இறங்கியது என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த அட்டையால் எங்கள் வீட்டில் ஒரு நல்லது நடந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, இலையின் அடியில் இருக்கும் ஈ அவருக்குத் தெரியாது. முழுதாக வளர்ந்த வெள்ளை ஈயே ஒரு மில்லிமீட்டர்தானே. மஞ்சள் அட்டையில் ஒட்டிக்கொண்டதும் அவராலேயே பார்க்க முடிந்தது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு மாடிக்கு வந்து, அட்டை மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் தேதி போட்டு, எத்தனை ஈ என்று எண்ணி ஒரு பழைய டைரியில் எழுத ஆரம்பித்தார். ஒரு வருடம் முடிந்ததும் அந்த டைரியைப் பார்த்து நானே அசந்துபோனேன். மாசி கடைசியில் ஏற ஆரம்பித்து, பங்குனி சித்திரையில் எண்ண முடியாத அளவு, ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாக அடித்ததும் சட்டென்று ஒற்றை எண்ணுக்கு இறங்குகிறது. வெயிலும் வறட்சியும் வெள்ளை ஈக்குக் கொண்டாட்டம் என்று படித்தது வேறு, எங்கள் மாடியிலேயே தேதியோடு பார்த்தது வேறு. அந்த டைரிக்காக நான் அட்டைக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் போடுவேன்.

அந்தக் கணக்கிலும் ஒரு குழப்பம் வந்தது. ஒரு மாதம் அட்டை நிறைய பெரிய பெரிய ஈ. அம்மா பயந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் அடியைப் பார்த்தபோதுதான் புரிந்தது, வெள்ளை மாவால் சுருள் சுருளாகக் கோலம் போட்டது மாதிரி இருந்தது. அது சுருள் வெள்ளை ஈ, 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்களே, அதேதான். அது விடும் இனிப்புக் கழிவில் கரும்பூஞ்சாணம் படர்ந்து கீழே உள்ள செடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கறுக்கும். தொல்லைதான், ஆனால் வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவருவது அது இல்லை. அதைக் கொண்டுவருவது பெமிசியா டபாசி என்ற சின்ன ஈ. பெரிதும் சிறிதும் கலந்து அட்டை நிறைந்ததைப் பார்த்து நாமும் நிறையப் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

என் கோபம் அந்த நிம்மதி மேல்தான். நான் வாங்கிய அட்டையின் உறையில் "வைரஸ் நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது சுத்தப் பொய். நோய் வந்த செடியில் அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே போதும், அந்த ஈ வைரஸை உள்ளே வாங்கிக்கொள்ளும். சில மணி நேரம் கழிந்தால் பரப்பத் தயார், பிறகு அநேகமாகச் சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். அட்டைக்கு வந்து ஒட்டுகிற ஈ நேராகவா வருகிறது? நம் வெண்டையில் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தானே வருகிறது. நாற்பது பிடிபட்டு இரண்டு தப்பினாலும் செடி போச்சு. நரம்பு மஞ்சளாகி நம் கண்ணுக்குத் தெரிய பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதனால் நாம் பார்க்கும் அன்று எல்லாம் முடிந்திருக்கும். இன்னொன்று, அட்டை பறக்கிற ஈயை மட்டும்தான் பிடிக்கும். இலையின் அடியில் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் குஞ்சுகளுக்கு அட்டை இருப்பதே தெரியாது. வெண்டையின் இந்த நோயை நம் நாட்டில் 1924ல் பம்பாய் மாகாணத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது, வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. தக்காளியில் இலை சுருண்டு சிறுத்துப் பூ கொட்டுகிறதே, அதற்கும் அதே கதைதான். இதை அறிந்து வைத்துக்கொண்டு "முழுப் பாதுகாப்பு" என்று அச்சடிக்க எப்படி மனசு வருகிறது?

பல்லி ஒன்று ஒட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, பிழைத்து ஓடிவிட்டது. ஆனால் பொறிவண்டு ஒட்டினால் பிழைக்காது. பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டை நாமே கொன்றோமே என்று அம்மா ரொம்ப வருத்தப்பட்டார்.

சரி, எது காப்பாற்றியது? வலை. முதல் வருடம் வீட்டிலிருந்த பழைய கொசுவலையைப் போர்த்தினேன், வெள்ளை ஈ சாதாரணமாக உள்ளே போய் வந்தது. அப்புறம்தான் நாற்றங்காலுக்குப் போடும் 50 மெஷ் வலை வாங்கினேன், ஓர் அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை. விதை போட்ட அன்றே மூங்கில் வளைத்து மூடி, ஓரத்தைச் செங்கல் வைத்து அழுத்திவிட வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் பயனில்லை. முதல் முப்பத்தைந்து நாள்தான் முக்கியம். அதற்குள் நோய் வந்த வெண்டையில் காயை எதிர்பார்க்கவே முடியாது, அதைத் தாண்டி வளர்ந்துவிட்டால் பிறகு வந்தாலும் கொஞ்சமாவது பறிக்கலாம். வெண்டை தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், தக்காளிக் கொடியைக் காலையில் லேசாகத் தட்டிவிட்டால் போதும், பூசணி, வெள்ளரிக்கு மட்டும் பூக்கும்போது வலையை எடுத்துவிடுங்கள். குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் வலைக்குள் சூடு ஏறி நாற்று துவளும், இரண்டு வேளை தண்ணீர் விட வேண்டியிருக்கும்.

இந்த முறை தக்காளிக்கு வலையைக் கொடுத்துவிட்டதால் எட்டு வெண்டைதான் உள்ளே இருந்தது, ஆறு வெளியே, வெளியே இருந்ததற்கு நான்கு அட்டை. இன்று பிடுங்கியது அந்த ஆறும்தான். உள்ளே இருந்த எட்டில் ஒன்றே ஒன்றுக்கு, வலையை எடுத்த பிறகு நோய் வந்திருக்கிறது.

விதையும் பாருங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை இந்த நோயைத் தாங்கவென்றே வந்த ரகம், தக்காளியில் அர்கா ரக்ஷக். தாங்கும் என்றுதான் சொல்கிறேன், வராது என்று சொல்லவில்லை. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு, இலையின் அடியில் படும்படி. அது ஈயைக் குறைக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. சுவர் ஓரம் முளைக்கும் துத்தியைப் பிடுங்குங்கள், வெள்ளை ஈ அதிலும் தங்கும். நோய் வந்த செடியைப் பாவம் பார்த்து வைக்காதீர்கள், அதில் குடித்த ஈதான் அடுத்த பைக்குப் போகிறது.

அம்மாவின் டைரியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகத்தான் இருக்கும். தோழிக்கு என் பதில், வாங்காதே. எண்ணிப் பார்க்க ஆசை என்றால் ஒரே ஒரு அட்டை மாட்டு, அதற்குமேல் ஒரு ரூபாய் போடாதே. இன்னொரு நாள் கேட்டிருந்தால் கொஞ்சம் இளகிச் சொல்லியிருப்பேன், ஆனால் என் கையில் இன்னும் அந்தச் செடிகளின் சுனை அரிக்கிறது. என்னிடம் மூன்று மீட்டர் வலை மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் பைகளின் அளவை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், வெட்டித் தைத்தே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா சொன்னார்.