மணலைக் காட்டித் திராட்சைத் தோட்டம் விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். போன தை மாதம் ஒரு ஏக்கருக்குப் பன்னீர் திராட்சை நாற்று, கல்தூண், கம்பிப் பந்தல், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய் கொடுத்தேன். இன்றைக்கு அந்தப் பந்தலில் ஒரு கொடிகூட உயிரோடு இல்லை.

விற்க வந்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது இங்கே ஏன் விளையாது என்று கேட்டார்கள், பிரான்சில் கடற்கரை மணலிலேயே திராட்சை நிற்கிற படத்தை செல்போனில் காட்டினார்கள். படம் பொய்யில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ரோன் ஆறு கடலில் சேரும் பக்கம் மணல் தோட்டங்கள் உண்டு. 1860களில் தொடங்கி வேர்ப்பூச்சி ஒன்று அந்த நாட்டுத் தோட்டங்களை அழித்தபோது மணலில் நின்ற கொடிகள் தப்பின. ஆனால் அங்கே ஆற்றின் நல்ல தண்ணீரை விட்டு உப்பைக் கீழே அமுக்கி வைக்கிறார்கள். போர்ச்சுகலில் கொலாரஸ் என்ற ஊரில் மணலைத் தோண்டி, அடியில் இருக்கிற களிமண்ணில் வேர் பிடிக்கும்படி நடுகிறார்கள். மேலே தெரிகிற மணல் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம், அதை அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் கரையில் கடலுக்கு இணையாக வரிசை வரிசையாக மணல்மேடு ஓடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இன்னும் உள்ளே இருந்து, பின்வாங்கும்போது விட்டுப்போன பழைய கரைகள் அவை. மேட்டில் விழுகிற மழை மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், அதனால்தான் மேட்டில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது, தென்னையும் நிற்கிறது. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள பள்ளம் அப்படியில்லை. அது பழைய உப்பங்கழி, ஒரு முழம் மணலுக்குக் கீழே கறுத்த களி, சிப்பி ஓடு. என் நிலம் அந்தப் பள்ளம். "கோடையில அங்க உப்பு பூக்கும்டா" என்று சித்தப்பா அன்றைக்கே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

சித்திரையிலேயே இலை ஓரம் கருகியது. சத்துக் குறைவு என்று சொல்லி 18,000 ரூபாய்க்கு மருந்து விற்றார்கள். மோட்டார் ஓட ஓட அடியிலிருந்த உப்பு மேலே ஏறி வந்திருக்கிறது. ஐப்பசி மழையில் களிக்கு மேல் தண்ணீர் தேங்கி மிச்சமிருந்த வேரும் அழுகியது. அப்புறம்தான் போர்த் தண்ணீரைச் சோதித்தேன், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துத்திறன் 4.2 டெசிசீமன்ஸ்/மீட்டர். பாசன நீரில் 1-ஐத் தாண்டினாலே திராட்சைக்கு விளைச்சல் குறையத் தொடங்கும். விற்கும்போது அவர்கள் காட்டிய சோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அதிலிருந்த சர்வே எண் என்னுடையதே இல்லை!

யாராவது வந்தால் உங்கள் கண்முன்னே நாலு இடத்தில் ஆறடி தோண்டச் சொல்லுங்கள். தண்ணீரைக் கோடைக் கடைசியில் எடுத்து நீங்களே சோதனைக்குக் கொடுங்கள், மழைக்குப் பின் எடுத்தால் நல்லதாகத்தான் காட்டும். ராமநாதபுரத்திலேயே கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, முன்பணம் கொடுக்கும் முன் அங்கே போய்க் கேளுங்கள். ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், அடியில் உப்புத் தண்ணீர் நிற்கிற நிலத்தில் அது வேலைக்கு ஆகாது.

இந்த வாரம் அதே ஆட்கள் அதே படத்தோடு தொண்டிப் பக்கம் சுற்றுவதாக மச்சான் சொன்னார்.