கூகுள் டிரைவிலிருந்து ஷேர்பாயின்ட்டுக்கு 3 டிபி: எந்த வழி தேறும்?

கூகுள் கல்விக் கணக்குகளுக்குக் கொடுத்துவந்த வரம்பில்லாத இடத்தை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தது. 2022 ஜூலையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட்தான் (டிபி) அடிப்படை என்றானது. அதன்பிறகு பல கல்லூரிகள் துறைவாரியாக டிரைவைக் காலி செய்து மைக்ரோசாஃப்ட் 365 பக்கம் போகின்றன. ஒரு துறையின் ஷேர்டு டிரைவில் 3 டிபி இருக்கிறது, அது மைக்ரோசாஃப்ட் 365-இன் குழுக் கோப்புக் கிடங்கான ஷேர்பாயின்ட்டுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பிரவுசரில் இறக்கி ஏற்றுவதைப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். பெரிய ஃபோல்டரை டவுன்லோட் கொடுத்தால் டிரைவ் அதைப் பல ஜிப்பாக உடைத்துத் தரும். அதில் ஒன்று பாதியில் நின்றால் எது வந்தது, எது விட்டுப்போனது என்று தேடுவதற்குள் விடிந்துவிடும். மிச்சமிருக்கும் வழிகள் நான்கு. ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் இலவசக் கட்டளைவரிக் கருவியான ஆர்க்ளோனை (rclone) நம் கணினியில் ஓட்டலாம். அதையே வாடகை சர்வரில் ஓட்டலாம். இணையத்திலேயே மாற்றித் தரும் கட்டணச் சேவை ஒன்றைப் பிடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் தரும் மைக்ரேஷன் மேனேஜரை நம்பலாம்.

பெரும்பாலும் இவற்றை வேகத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். லட்சக்கணக்கான கோப்புகளை நகர்த்தும்போது சில கட்டாயம் போகாது. எது போகவில்லை, ஏன் போகவில்லை என்று வாயைத் திறந்து சொல்லும் கருவிதான் வேண்டும்.

இருந்தாலும் வேகக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுவோம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 டிபி போக சுமார் 22 மணி நேரம், 3 டிபிக்கு ஏறக்குறைய மூன்று நாள். நம் கணினி நடுவில் இருந்தால் இறக்கமும் ஏற்றமும் நம் இணைப்பு வழியாகத்தான். ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் இரண்டு வாரம் ஆகிவிடும். சரி, சர்வரை வாடகைக்கு எடுத்தால்? நெட்வொர்க் வேகம் பிரச்சினையே இல்லை, ஆனால் வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் பில் வரும். அமேசானின் அமெரிக்க மண்டலங்களில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 0.09 டாலர். 3 டிபிக்குச் சுமார் 260 டாலர், சர்வர் வாடகை தனி. மாதாந்திர வாடகையிலேயே சில டிபி போக்குவரத்தைச் சேர்த்துத் தரும் சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் இந்த வேலைக்குப் போதும். நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் சர்வர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் டிரைவ் தன் இஷ்டப்படிதான் நடக்கும். டிரைவுடன் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு கோப்புக்கு மேல் போகாது என்று ஆர்க்ளோனின் கையேடே சொல்கிறது. 5 லட்சம் சின்னக் கோப்புகள் என்றால் அளவு வெறும் 50 ஜிபியாக இருந்தாலும் கிட்டத்தட்ட மூன்று நாள். 'வேகமே வரவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஒரே நேரத்தில் போகும் கோப்புகளின் எண்ணிக்கையை நான்கிலிருந்து நாற்பதாக ஏற்றினால் 'வேகத்தைக் குறை' என்று சொல்லும் 403, 429 பிழைகள்தான் கூடும். அப்படிப்பட்ட ஃபோல்டர்களின் அசல் யாருடைய கணினியிலாவது இருந்தால், அங்கேயே ஜிப் போன்ற ஒரே காப்பகக் கோப்பாகக் கட்டி அனுப்புவது உத்தமம்.

ஆர்க்ளோனை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் பதிவேடு. எல்லாப் பிழையும் அதில் வரிவரியாக இருக்கும். இந்தப் பாதையில் அடிக்கடி வருபவை கொஞ்சம்தான்.

ஏழு நாள் நன்றாக ஓடிவிட்டு எட்டாம் நாள் 'இன்வேலிட் கிராண்ட்' என்று நின்றால் பதற வேண்டாம். ஆர்க்ளோன் கூகுளிடம் காட்டும், எல்லாரும் பகிரும் பொது அடையாளத்தில் நெரிசல் அதிகம் என்பதால் கூகுளில் சொந்தமாக ஒரு கிளையன்ட் ஐடி உருவாக்கச் சொல்வார்கள், அது நல்ல யோசனையும்கூட. ஆனால் அந்த ஐடிக்காகக் கூகுளில் பதிந்த செயலியை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டால் அதன் அனுமதி ஏழு நாளில் காலாவதியாகும். 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றிவிட்டு மறுபடி உள்நுழைந்தால் போதும்.

அடுத்தது, வேர்டு, எக்ஸெல் கோப்புகளில் மட்டும் 'அளவு பொருந்தவில்லை, கோப்பு சேதம்' என்று வரும் பிழை. பார்த்தால் பகீர் என்றிருக்கும். உண்மையில் சேதம் எதுவும் இல்லை. ஷேர்பாயின்ட் ஆஃபீஸ் கோப்புகளை வாங்கிக்கொண்டதும் தன் குறிப்புகளை அவற்றுக்குள்ளேயே எழுதிவிடுகிறது, அதனால் அளவு மாறுகிறது. இந்த வகைக் கோப்புகளுக்கு மட்டும் அளவையும் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பார்க்காதே என்று ஆர்க்ளோனுக்குச் சொல்லித் தனியாக ஓட்ட வேண்டும். மொத்த ஓட்டத்துக்கும் அதைப் போட்டுவிட்டால் உண்மையான சேதம் வரும்போதும் வாயைத் திறக்காது.

3 டிபி அனுப்பினோம், அங்கே 6 டிபி காட்டுகிறதா? கோப்பை ஏற்றியபின் ஆர்க்ளோன் அதன் பழைய தேதியைத் திருத்தி எழுதுகிறது. மைக்ரோசாஃப்ட் பக்கம் அதையும் ஒரு புதிய வெர்ஷனாகக் கணக்கில் வைக்கும். வெர்ஷன்களை நீக்கும் தெரிவை ஆர்க்ளோனில் முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது. மாறாக டிரைவில் இருந்ததைவிட அதிகக் கோப்புகள் போய்ச் சேர்ந்தால் ஷார்ட்கட்களைச் சந்தேகிக்கலாம். ஆர்க்ளோன் ஷார்ட்கட்டைப் பின்தொடர்ந்து போய் அசலையே நகலெடுக்கும், ஒரே வீடியோ இரண்டு மூன்று ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கென்று ஒரு தனித் தலைவலி. 'கொலு' என்பதில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒற்றைக் குறியாக வரும் ஒகரம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறுவேறு. ஆர்க்ளோன் ஒப்பிடும்போது இவற்றைச் சமமாகவே எடுத்துக்கொள்கிறது. நாமே எழுதிய ஸ்கிரிப்ட்கள் அப்படிச் செய்வதில்லை. அப்புறம், லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிகள். நீளமான கட்டுரைத் தலைப்பையே பெயராக வைத்தவர்களின் கோப்புகள் சர்வரில் இறக்கி வைக்கும்போது அடம்பிடிப்பது இதனால்தான்.

இணையத்தில் மாற்றித் தரும் கட்டணச் சேவைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு கணக்குகளையும் இணைத்து பட்டனை அழுத்தினால் வேலை ஆரம்பித்துவிடும், நம் கணினி அணைந்திருந்தாலும் ஓடும். சில நூறு ஜிபி குடும்பப் படங்களுக்கு வசதிதான். ஆனால் மொத்தத் தரவுக்கும் ஒரு மூன்றாம் ஆளிடம் சாவி கொடுக்கிறோம். நான் பயன்படுத்திய ஒன்றில், முடிவில் '112 தோல்வி' என்று ஒரு வரி மட்டும் வந்தது, காரணத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. துறையின் ஆய்வுத் தரவுக்கு இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மைக்ரேஷன் மேனேஜர் வேறு ரகம். மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் கையில்தான் இருக்கும், கருவிக்கென்று தனிக் கட்டணம் இல்லை. முதலில் கணக்குகளை ஸ்கேன் செய்து எது போகாது என்று முன்பே அறிக்கை தருகிறது. நகல் எடுத்தபின் இன்னொரு அறிக்கை. ஆர்க்ளோன் தானாகச் செய்யாத ஒன்றை இது செய்கிறது: யார் எதைப் பார்க்கலாம் என்ற பகிர்வு அனுமதிகளையும் கொண்டுபோகிறது. பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்யும் ஃபோல்டர்களில் இதுவே பாதி வேலை. குறை, கூகுள் பக்கமும் அட்மின் ஒத்துழைக்க வேண்டும். அட்மினைப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆகும் கல்லூரிகளில் ஆர்க்ளோன்தான் வழி.

கூகுள் டாக்ஸ் எந்த வழியில் போனாலும் இடிக்கும். அவை உண்மையில் கோப்புகளே அல்ல. வெளியே எடுக்கும்போதுதான் வேர்டாகவோ எக்ஸெல்லாகவோ மாறுகின்றன. ஆர்க்ளோன் வழியாக எடுக்கும்போது கூகுளின் ஏபிஐ (நிரல்கள் பேசும் வாசல்) 10 எம்பிக்கு மேல் மாற்றித் தராது, படங்கள் நிறைந்த ஆய்வேடுகள் அங்கேயே நின்றுவிடும். அவற்றை டாக்ஸைத் திறந்து கையால் இறக்க வேண்டியதுதான். கூகுள் ஃபார்ம்ஸை ஆர்க்ளோன் சத்தமில்லாமல் விட்டுவிடும்; பதில்களை ஷீட்டாக எடுத்துவைக்க வேண்டும்.

ஆர்க்ளோனில் 'சிங்க்' கட்டளையின் பக்கமே போக வேண்டாம். மூலத்தில் இல்லாததை அது இலக்கில் அழித்துவிடும். ஓட்ட வேண்டியது 'காப்பி', அதுவும் முதலில் 'டிரை ரன்' (எதையும் நகர்த்தாத ஒத்திகை) போட்டுப் பார்த்துவிட்டு. நின்றால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், ஏற்கெனவே போனதைத் தாண்டிவிடும்.

முடிந்ததும் 'செக்' ஓட்டினால், விட்டுப்போனவற்றின் பட்டியலைத் தனிக் கோப்பாகவே வாங்கலாம். ஆனால் அது எதை வைத்துச் சரிபார்க்கிறது என்று பார்க்க வேண்டும். டிரைவ் எம்டி5 போன்ற வழக்கமான ஹேஷ்களை (மேலே சொன்ன செக்சம்தான்) வைத்திருக்கிறது, மைக்ரோசாஃப்டோ குயிக்எக்ஸார் என்று சொந்தமாக ஒன்று. இரண்டுக்கும் பொதுவானது இல்லாததால் 'செக்' அளவை மட்டும் ஒப்பிட்டுவிட்டு 'சரி' என்கிறது. முக்கியமான ஃபோல்டர்களுக்காவது 'டவுன்லோட்' தெரிவைச் சேர்த்து ஓட்டினால் இரண்டு பக்கமும் உள்ளதை முழுக்கப் படித்து ஒப்பிடும். ஆஃபீஸ் கோப்புகளில் மேலே சொன்ன காரணத்தால் அது வேறுபாடு காட்டத்தான் செய்யும், அவற்றில் பத்துப் பதினைந்தைக் கையால் திறந்து பார்த்துக்கொள்ளலாம். நேரம் ஆகும், பழைய டிரைவ் அதுவரை இருக்கட்டும்.